பாராளுமன்றத் தேர்தலில் உங்கள் புள்ளடி ஆசனமாகும் கணக்கு

இலங்கைப் பாராளுமன்றத் தேர்தலில் ஒரே வாக்குச்சீட்டு மூன்று வேலை செய்கிறது. மாவட்டத்தில் எந்தக் கட்சிக்கு எத்தனை ஆசனம், அந்தக் கட்சிக்குள் யாருக்கு ஆசனம், நாடு முழுவதற்குமான தேசியப் பட்டியலில் அந்தக் கட்சிக்கு எத்தனை இடம் ஆகிய மூன்றையும் அந்த ஒரு சீட்டுத்தான் தீர்மானிக்கிறது. இந்த மூன்றும் தனித்தனிக் கணக்குகள். ஒன்றின் விதியை மற்றதற்குப் போடும்போதுதான் வாக்கும் வீணாகிறது, தேர்தல் இரவில் வீட்டில் போடும் கணக்கும் பிழைக்கிறது. ஒரு தாளும் பேனாவும் கல்குலேட்டரும் இருந்தால் யாரும் இந்தக் கணக்கைச் செய்யலாம். இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது 2024 நவம்பர் 14 தேர்தலின் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்ற இரு நிர்வாக மாவட்டங்களும் சேர்ந்ததுதான் அந்தத் தேர்தல் மாவட்டம்.

முதலில் வாக்குச்சீட்டு

சீட்டின் மேற்பகுதியில் கட்சிகளினதும் சுயேச்சைக் குழுக்களினதும் பெயர்கள் சின்னங்களோடு வரிசையாக இருக்கும். கீழ்ப்பகுதியில் 1 முதல் இலக்கமிட்ட கட்டங்கள் இருக்கும். அந்தக் கட்டங்களில் பெயர் எதுவும் இராது. மாவட்டத்துக்குரிய ஆசனங்களோடு 3 கூட்டினால் வருவதுதான் ஒவ்வொரு பட்டியலிலும் நிற்கும் வேட்பாளர் தொகை. யாழ்ப்பாணத்துக்கு 6 ஆசனம் என்பதால் ஒரு பட்டியலில் 9 பேர், ஆகவே 9 கட்டங்கள். 44 அணிகள் போட்டியிட்டதால் 396 பேர் களத்தில் இருந்தார்கள். சீட்டு எவ்வளவு நீளம் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கட்சியின் சின்னத்துக்கு எதிரே உள்ள வெற்றுக் கட்டத்துக்குள் ஒரு புள்ளடி (X). பிறகு, விரும்பினால், கீழேயுள்ள இலக்கங்களில் ஒன்றுக்கோ இரண்டுக்கோ மூன்றுக்கோ புள்ளடி. அந்த இலக்கங்கள் கட்சிப் பட்டியலில் உள்ள வேட்பாளர்களுக்குரியவை, அவர்களுக்கு இடுவதுதான் விருப்பு வாக்கு. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். விருப்பு இலக்கத்தை மாத்திரம் குறித்துவிட்டுக் கட்சியை விட்டுவிட்டால் முழுச் சீட்டும் நிராகரிக்கப்படும். 4ஆம் இலக்கம் ஒவ்வொரு பட்டியலிலும் இருக்கிறது, யாருடைய 4 என்று எண்ணுபவருக்குத் தெரிய வழியில்லை. மறுபக்கம், கட்சிக்குச் சரியாகப் புள்ளடியிட்டு, கீழே நான்கு இலக்கங்களைக் குறித்துவிட்டால் கட்சி வாக்கு செல்லும், விருப்பு வாக்குகள் மட்டும் கழிந்துபோகும். விருப்பு வாக்கே போடாமல் விட்டாலும் கட்சி வாக்கு முழுதாகச் செல்லும். பதற்றத்தில் எதையாவது தவறவிட நேர்ந்தால் தவறக்கூடாதது மேலே உள்ள புள்ளடி.

இரண்டு கட்சிகளுக்குப் புள்ளடியிட்டால் செல்லாது. பெயரோ கையெழுத்தோ, இன்னார் போட்டது என்று அடையாளம் காட்டும் வேறெதுவோ எழுதினால் செல்லாது. சீட்டின் பின்புறத்தில் வாக்கெடுப்பு நிலையத்தின் முத்திரை இல்லாவிட்டாலும் செல்லாது. இந்தக் கடைசி விடயம் உங்கள் கையில் இல்லாததுபோலத் தோன்றும், ஆனால் சீட்டைக் கையில் வாங்கியதும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பதற்கு ஒரு விநாடி போதும். புள்ளடியின் கால் பக்கத்துக் கட்டத்துக்குள் நீளாமல் சிறிதாகப் போடுங்கள். நீண்ட சீட்டில் வரிகள் நெருக்கமாக இருப்பதால், பெரிய புள்ளடி இரண்டு சின்னங்களுக்கு நடுவே நின்று சந்தேக வாக்காகிவிடும். கை தவறிவிட்டால் அதற்குமேல் வெட்டித் திருத்த முயலாதீர்கள். பழுதான சீட்டைத் தலைமை தாங்கும் அலுவலரிடம் கொடுத்து வேறொன்று கேட்கலாம், சட்டத்தில் அதற்கு இடமுண்டு. கூச்சத்தால் கேட்காமல் பெட்டியில் போட்டுவிட்டு வருவோர்தான் அதிகம்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் அளிக்கப்பட்ட 358,079 வாக்குகளில் 32,767 நிராகரிக்கப்பட்டன. நூற்றுக்கு ஒன்பதுக்கும் மேல். நாடு முழுவதும் பார்த்தால் நிராகரிப்பு நூற்றுக்கு ஆறுக்குக் குறைவு. யாழ்ப்பாணத்தில் ஓர் ஆசனம் வென்ற கட்சிக்குக் கிடைத்த வாக்கே 27,986 என்னும்போது, குப்பைக்குப் போன 32,767 எவ்வளவு பெரிய தொகை என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு முன்தான் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. அதில் 1, 2, 3 என்று இலக்கம் எழுதி விருப்பைக் காட்டலாம். பாராளுமன்றத் தேர்தலில் இலக்கம் எழுதும் பழக்கத்துக்கு வேலையே இல்லை, புள்ளடிதான். உள்ளூராட்சித் தேர்தலில் இன்னொரு முறை: 100க்கு 60 உறுப்பினர் வட்டாரத்திலிருந்தும் 40 பேர் விகிதாசாரத்திலிருந்தும் வருவார்கள், ஆனால் வாக்காளர் போடுவது ஒரே ஒரு புள்ளடி, விருப்பு வாக்கு கிடையாது. மூன்று தேர்தலுக்கும் மூன்று விதமான சீட்டு. வீட்டில் வயதானவர்களுக்கு, எந்தத் தேர்தல் என்று முதலில் சொல்லி, மாதிரிச் சீட்டு வரைந்து ஒருமுறை போடவைத்து அனுப்புவது மேடைப் பேச்சுகள் எல்லாவற்றையும்விடப் பயன் தரும்.

விருப்பு வாக்கு மூன்றையும் போட வேண்டுமா

மூன்று விருப்பும் சம எடை. முதலாவது, இரண்டாவது என்ற வரிசை இல்லை. எண்ணும்போது ஒவ்வொரு புள்ளடியும் அந்த இலக்கத்துக்குரியவருக்கு ஒன்று என்று சேரும். கட்சிக்கு இரண்டு ஆசனம் கிடைத்தால் அதிக விருப்பு வாக்குப் பெற்ற இருவர் தெரிவாவார்கள். ஆகவே ஒருவர் மட்டும் வர வேண்டும் என்று நீங்கள் உறுதியாக நினைத்தால் அவருக்கு மட்டும் போடுங்கள். நீங்கள் போடும் மற்ற இரண்டும், அதே பட்டியலில் அவரை முந்தக்கூடியவர்களுக்குப் போகும். மூவரில் யார் வந்தாலும் சம்மதம் என்றால் மூன்றையும் போடலாம்.

பலருக்கு நேரும் பிழை வேறு. சுவரொட்டியில் பார்த்த இலக்கம் மனதில் நிற்கும், அது எந்தக் கட்சியின் இலக்கம் என்பது நிற்காது. வீட்டுச் சின்னத்துக்குப் புள்ளடியிட்டு, சைக்கிள் வேட்பாளரின் இலக்கத்தைக் கீழே குறித்தால் அந்த விருப்பு வாக்கு வீட்டுப் பட்டியலில் அந்த இலக்கத்தில் இருக்கும் வேறொருவருக்குப் போய்விடும். சீட்டு செல்லுபடியாகும் என்பதால் இந்தப் பிழை எந்தப் புள்ளிவிவரத்திலும் தெரிவதில்லை. சின்னத்தையும் இலக்கத்தையும் சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

மாவட்ட ஆசனக் கணக்கு

அரசியலமைப்பின் 99ஆவது உறுப்புரையில் உள்ள முறை இது. யாழ்ப்பாணத்தின் செல்லுபடியான வாக்குகள் 325,312. முன்னிலை பெற்றவர்கள்:

திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) 80,830
வீடு (இலங்கைத் தமிழரசுக் கட்சி) 63,327
சைக்கிள் (அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ்) 27,986
ஊசி (சுயேச்சைக் குழு 17) 27,855
சங்கு (ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி) 22,513
வீணை (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) 17,730

முதல் படி, வெட்டுப்புள்ளி. செல்லுபடியான வாக்கில் 5 வீதத்துக்குக் குறைவாக எடுத்தவர்களைக் கழியுங்கள். 325,312இல் 5 வீதம் 16,265.6. மேலே உள்ள ஆறு அணிகள்தான் மிஞ்சுகின்றன. (1978 அரசியலமைப்பில் இது எட்டில் ஒன்றாக, அதாவது 12.5 வீதமாக இருந்தது. 1988இல் 15ஆவது திருத்தம் இருபதில் ஒன்றாகக் குறைத்தது. பழைய எல்லை இருந்திருந்தால் சைக்கிளும் ஊசியும் கணக்குக்குள்ளேயே வந்திருக்காது.)

இரண்டாம் படி, போனஸ். அதிக வாக்குப் பெற்ற அணிக்கு ஓர் ஆசனம் முதலிலேயே போய்விடும். திசைகாட்டிக்கு 1. பங்கிட மிச்சம் 5.

மூன்றாம் படி, ஆசன எண். மிஞ்சிய ஆறு அணிகளின் வாக்கைக் கூட்டுங்கள்: 240,241. இதை 5ஆல் வகுத்தால் 48,048.2. பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணை எடுக்க வேண்டும், ஆகவே 48,049.

நான்காம் படி. ஒவ்வோர் அணியின் வாக்கிலும் 48,049 எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். திசைகாட்டிக்கு 1, மீதி 32,781. வீட்டுக்கு 1, மீதி 15,278. மற்ற நான்கு அணிகளுக்கும் ஒன்றும் இல்லை, அவர்களது முழு வாக்கும் மீதியாகவே நிற்கும்.

ஐந்தாம் படி. இன்னும் 3 ஆசனம் இருக்கிறது. மீதிகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்குங்கள்: திசைகாட்டி 32,781, சைக்கிள் 27,986, ஊசி 27,855, சங்கு 22,513, வீணை 17,730, வீடு 15,278. முதல் மூன்றுக்கும் ஒவ்வொன்று. முடிவு: திசைகாட்டி 3, வீடு 1, சைக்கிள் 1, ஊசி 1.

கணக்குப் போடுபவர்கள் வழுக்கும் இடம் இரண்டாம், மூன்றாம் படிகள். போனஸை மறந்து, மொத்த வாக்கை நேரே 6ஆல் வகுப்பார்கள். 325,312ஐ 6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 54,219. அந்தக் கணக்கில் திசைகாட்டியின் மீதி 26,611 ஆகிவிடும், நான்கு ஆசனம் மிச்சம் இருக்கும், சங்குக்கும் ஒன்று வந்துவிடும். தேர்தல் இரவில் இப்படிப் போட்ட கணக்கை நம்பி வெடி கொளுத்திவிட்டு, காலையில் ஏமாந்து நிற்க நேரும்.

இன்னொரு விடயம், தொகுதி முடிவுகள். யாழ்ப்பாணத்தில் ஊர்காவற்றுறை முதல் கிளிநொச்சி வரை 11 தொகுதிகள், தபால் வாக்கு தனியே. வானொலி ஒவ்வொன்றாக அறிவிக்கும்போது ‘இந்தத் தொகுதியை வென்றோம்’ என்று சொல்வதற்கு ஆசனக் கணக்கில் எந்தப் பொருளும் இல்லை. பன்னிரண்டையும் கூட்டிய பிறகுதான் கணக்கைத் தொடங்க வேண்டும். சைக்கிளுக்கும் ஊசிக்கும் இடையில் 131 வாக்குத்தான் வித்தியாசம், அப்படியிருக்க பாதி முடிவை வைத்துச் சொல்வதில் பயனில்லை.

பிரிந்து நிற்பதன் விலை

இந்த முறையில் எங்கே வாக்கு வீணாகிறது என்பதை இதே எண்களில் பார்க்கலாம். வீட்டின் 63,327இல் 15,278 வாக்கு எந்த ஆசனமும் தரவில்லை. சங்கின் 22,513 முழுவதும் தரவில்லை. சங்குக்குள் இருந்த கட்சிகளில் சில முன்பு வீட்டுச் சின்னத்தின்கீழ் ஒன்றாக நின்றவை. வாக்காளர் யாரும் மாறாமல் இரண்டும் ஒரே பட்டியலில் நின்றிருந்தால் என்று ஒரு கணக்குப் போடுங்கள். கூட்டுத்தொகை 85,840. அது திசைகாட்டியின் 80,830ஐத் தாண்டுகிறது, ஆகவே போனஸ் இடம் மாறுகிறது. ஆசன எண் அதே 48,049. கூட்டுப் பட்டியலுக்கு 1, மீதி 37,791. திசைகாட்டிக்கு 1, மீதி 32,781. மிச்ச மூன்றும் 37,791, 32,781, 27,986 என்ற வரிசையில் போகும். முடிவு கூட்டுப் பட்டியலுக்கு 3, திசைகாட்டிக்கு 2, சைக்கிளுக்கு 1. ஊசி வெளியே. கட்சிகள் சேர்ந்தால் வாக்குகள் அப்படியே சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லைதான். ஆனால் கட்சி ஆதரவாளர் ஒவ்வொருவரும் வேட்புமனுக்கு முன்னரே இந்த ஐந்து வரிக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும், பிறகு போட்டுப் பயனில்லை.

5 வீதம் என்பது வாசற்படி மாத்திரம் என்பதையும் இங்கே கவனியுங்கள். சங்கு 6.92 வீதம் எடுத்தும் வெளியே நின்றது, கடைசி ஆசனம் போனது 8.56 வீதத்துக்கு. ஆசனம் குறையக் குறைய உண்மையான வாசல் உயர்ந்துகொண்டே போகும். திருகோணமலையில் 4 ஆசனம்தான், அங்கே வகுப்பது 3ஆல். கம்பஹாவில் 19, அங்கே 18ஆல். திருகோணமலையில் சிறு கட்சிக்குப் போடும் வாக்கும் கம்பஹாவில் போடும் வாக்கும் ஒரே வேலையைச் செய்யா.

ஆசனத் தொகையே மாறும். 196 மாவட்ட ஆசனங்களில் 36 மாகாணத்துக்கு 4 என்று நிலையானவை, மற்ற 160ம் தேருநர் இடாப்பில் (வாக்காளர் பட்டியலில்) உள்ள பெயர்களின் விகிதத்தில் பங்கிடப்படுபவை. 2024இல் நாட்டில் 17,140,354 வாக்காளர், ஆகவே ஏறக்குறைய 107,000 பெயருக்கு ஓர் ஆசனம். யாழ்ப்பாணத்துக்கு 2010இல் 9 ஆசனம், 2015இல் 7, 2024இல் 6. கிராம அலுவலர் அந்த இடாப்புக்கான படிவம் தரும்போது நிரப்பிக் கொடுக்காமல் விடுவது உங்கள் வாக்கோடு முடிகிற இழப்பு அல்ல, மாவட்டத்தின் ஆசனத்தையும் தொடுகிறது.

தேசியப் பட்டியல்

பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில், மாவட்டங்களுக்குரிய 196 போக எஞ்சிய 29 இது. கணக்கு மாவட்டத்தைவிடச் சுலபம், போனஸ் இல்லை, மாவட்டத்தில் 5 வீதத்தில் வெட்டுப்பட்ட வாக்கும் இங்கே சேரும். நாடளாவிய செல்லுபடியான வாக்கை 29ஆல் வகுக்க வேண்டும். 2024இல் அது 11,148,006, வகுத்தால் 384,414. தேசிய மக்கள் சக்தி 6,863,186 எடுத்து 17 முழு இடம், ஐக்கிய மக்கள் சக்தி 1,968,716 எடுத்து 5, புதிய ஜனநாயக முன்னணி 500,835 எடுத்து 1. மிச்சம் 6 இடம், மீதிகளின் வரிசையில்: பொதுஜன பெரமுன 350,429, தேசிய மக்கள் சக்தி 328,148, தமிழரசு 257,813, சர்வஜன அதிகாரம் 178,006, புதிய ஜனநாயக முன்னணி 116,421, முஸ்லிம் காங்கிரஸ் 87,038. ஒரு முழு இடத்துக்கு வேண்டியதில் கால்பங்கு கூட இல்லாத வாக்குக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

ஆகவே உங்கள் மாவட்டத்தில் உங்கள் கட்சிக்கு வாய்ப்பே இல்லை என்றாலும் அந்த வாக்கு இங்கே உயிரோடு இருக்கும். 2020இல் ஐக்கிய தேசியக் கட்சி 22 மாவட்டங்களிலும் ஓர் ஆசனம் கூட வெல்லவில்லை, நாடு முழுவதும் சிதறிக் கிடந்த 249,435 வாக்குக்கு ஒரே ஒரு தேசியப் பட்டியல் இடம் கிடைத்தது. 2021இல் அந்த இடத்தில் உட்கார்ந்த ரணில் விக்கிரமசிங்க 2022 ஜூலையில் ஜனாதிபதியானார்.

இந்த 29 பேரையும் கட்சியே பெயர் குறிக்கும், ஒரு வாரத்துக்குள். தேர்தலுக்கு முன் கொடுத்த தேசியப் பட்டியலில் இருந்தோ, எந்த மாவட்டத்திலாவது வேட்பாளராக நின்றவர்களில் இருந்தோ எடுக்கலாம். விருப்பு வாக்கில் தோற்றவர் பின்கதவால் வருவது சட்டப்படியே நடக்கிறது. இது வாக்காளருக்கு நியாயமாகப் படவில்லை என்றால் கேட்க வேண்டிய இடம் கட்சி, வாக்குச்சீட்டில் இதற்குக் கட்டம் கிடையாது.

தேர்தல் முடிந்த பிறகு

விருப்பு வாக்குப் பட்டியலைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். மாவட்ட உறுப்பினர் ஒருவர் இறந்தாலோ பதவி விலகினாலோ இடைத்தேர்தல் நடக்காது. அதே பட்டியலில் அடுத்ததாக அதிக விருப்பு வாக்குப் பெற்றவர் வருவார். ஆகவே தோற்றவர்களில் முதலாமவர் யார் என்பது ஐந்து வருடத்துக்கும் பெறுமதியுள்ள தகவல்.

கட்சியிலிருந்து நீக்கப்பட்டாலும் ஆசனம் போகலாம். 99(13) உறுப்புரையின்படி, உறுப்பினர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். நீக்கம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னால் ஆசனம் தங்கும், செல்லும் என்று சொன்னால் போய்விடும். பல வருடங்களாக இந்த வழக்குகளில் உறுப்பினர்களே தப்பிவந்தார்கள், கட்சி உரிய விசாரணை நடத்தவில்லை என்ற காரணம் அவர்களுக்குக் கைகொடுத்தது. 2023 அக்டோபரில் மட்டக்களப்பு உறுப்பினர் நசீர் அஹமட்டை முஸ்லிம் காங்கிரஸ் நீக்கியது செல்லும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரது இடத்துக்கு 2020 பட்டியலில் அடுத்து நின்ற அலி ஸாஹிர் மௌலானா வந்தார், மூன்று வருடத்துக்கு முன் வாக்காளர்கள் கீழ்க் கட்டங்களில் இட்ட புள்ளடிகளின் வரிசைப்படி.